நெட்வொர்க் சுவிட்சுகளைக் குறைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு பீனியாவில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தள அலுவலகம், பின்னால் ஷெட், கேட் ஓரம் வாட்ச்மேன் அறை. நான் சேர்ந்தபோது ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேப்பரில் பதினொரு சுவிட்ச் (கம்ப்யூட்டர்களை வயரால் இணைக்கும் பெட்டி) என்று இருந்தது, நேரில் எண்ணினால் பத்தொன்பது. இப்போது ஏழு. இது தெரிந்த நாளிலிருந்து ஒயிட்ஃபீல்டில் வேலை செய்யும் தம்பி ஒருவன், ஓசூர் ரோட்டில் பள்ளிக்கூட நெட்வொர்க்கைப் பார்க்கிற நண்பர், அல்சூரில் சின்னதாக ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் என் மாமா என்று ஆளாளுக்கு ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாக வாட்ஸ்அப்பில் டைப் அடித்து அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

சிம்பிளாக்குவது என்றால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதானே?

அப்படித்தான் நானும் ஆரம்பித்தேன், தப்பு. ஒரு கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னால், இதைப் பிடுங்கினால் யார் யார் போன் செய்து கத்துவார்கள் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்லிவிட்டுப் பிடுங்கி, சொன்ன ஆட்கள் மட்டும் கத்தினால் அந்த நெட்வொர்க் எளிமையானது, நாற்பது சுவிட்ச் இருந்தாலும் பரவாயில்லை. ஐந்தே சுவிட்ச்தான், ஆனால் எதைத் தொட்டாலும் எங்கோ சம்பந்தமில்லாமல் பிரிண்டர் நிற்கிறது என்றால் அதுதான் சிக்கல். எங்கள் இடத்தில் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான், ஆனால் அது பின்னால் தானாக வந்தது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

படத்திலிருந்து, அதாவது எந்த வயர் எங்கே போகிறது என்ற வரைபடத்திலிருந்து. ஏ.எம்.சி.காரர் கொடுத்த படத்தை நம்பாதீர்கள், அது நெட்வொர்க் போட்ட அன்றைக்கு இருந்த நிலவரம், சில சமயம் அன்றைக்கும் இல்லாதது.

மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே போய்ப் பார்க்கவும் மாற்றவும் முடிகிற வகை) என்றால் எல்.எல்.டி.பி. என்ற, பக்கத்துச் சாதனத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்தும் வசதியைப் போட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் பாதிப் படம் வந்துவிடும். மீதிப் பாதி ஊமை சுவிட்சுகள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்து மேசைக்கு அடியில் செருகியிருப்பார்களே, அந்த எட்டு போர்ட் (வயர் செருகும் துளை) பெட்டிகள், அவை யார் கேட்டாலும் வாயைத் திறக்காது. அவற்றைப் பிடிக்க மேக் டேபிளைப் பாருங்கள், அதாவது எந்த போர்ட்டில் எந்தச் சாதனத்தின் மேக் முகவரி (அதன் அடையாள எண்) தெரிகிறது என்று சுவிட்ச் வைத்திருக்கும் பட்டியலை. ஒரு சாதாரண போர்ட்டில் ஒரு கம்ப்யூட்டர், கூட ஒரு ஐ.பி. போன், ஆக இரண்டு மேக் முகவரி இருந்தால் நியாயம். ஒன்பது இருந்தால் அந்த வயருக்குப் பின்னால் ஒரு குடும்பமே குடியிருக்கிறது. மேக் டேபிள் பதிவுகள் பெரும்பாலான சுவிட்சுகளில் 300 விநாடியில் அழிந்துவிடும், அதனால் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் பாருங்கள், ராத்திரி பார்த்துப் பயனில்லை.

அப்புறம் டார்ச், ஸ்டூல். எங்களிடம் கணக்கில் வராத எட்டில் ஆறு மேசைக்கு அடியில் இருந்தன, ஒன்று ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஒன்று பேன்ட்ரியில் தண்ணீர் ஃபில்டருக்குப் பின்னால். அந்தக் கடைசிப் பெட்டியில்தான் மேனேஜரின் அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணா, வழியில் ஐந்தாறு சுவிட்ச் இருந்தால் நெட் மெதுவாகிவிடும் என்கிறார்களே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நெட்வொர்க்கில் தகவல் பாக்கெட் என்ற துண்டுகளாகத்தான் போகும், 1500 பைட் பாக்கெட் ஒன்று 12,000 பிட். கிகாபிட் (விநாடிக்கு நூறு கோடி பிட்) லிங்க்கில் அதை முழுசாக வாங்கி மறுபக்கம் அனுப்ப ஒரு சுவிட்சுக்கு 12 மைக்ரோ விநாடி, கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து சுவிட்ச் என்றால் 60. நீங்கள் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் இந்தப் பயணம் ஆயிரம் தடவைக்கு மேல் முடிந்திருக்கும். ஆக, எக்ஸெல் ஃபைல் திறக்க நேரமாகிறது என்று யாராவது சொன்னால் அதற்குச் சுவிட்ச் எண்ணிக்கை காரணமில்லை.

காரணம் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் வாலில் ஒன்றாக ஐந்து சுவிட்சைக் கோத்து, ஒவ்வொன்றிலும் இருபத்து நான்கு பேரை உட்கார வைத்தால், முதல் சுவிட்சிலிருந்து சர்வர் அறைக்கு வரும் ஒரே ஒரு கிகாபிட் வயரில் நூற்றிருபது பேரும் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். மெஜஸ்டிக்கில் காலை எட்டு மணி மெட்ரோ மாதிரி. நடுவில் ஒரு பழைய 100 மெகாபிட் பெட்டி (கிகாபிட்டில் பத்தில் ஒரு பங்கு வேகம்) இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது சுவிட்ச் செத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் மூன்றும் உயிரோடு இருந்தும் பிணம். கோத்த மாலையைப் பிரித்து, ஒவ்வொரு சுவிட்சும் நேராக சர்வர் அறைக்கு வருகிற மாதிரி போடுவதுதான் எல்லா எளிமையாக்கலிலும் அதிகப் பலன் தருவது. இதை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால்கூட நான் குறை சொல்ல மாட்டேன்.

வாட்ச்மேன் அறை கதையை எழுதுங்கள் சார்.

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எழுதுகிறேன், ஏனென்றால் எதற்காக எளிமையாக்க வேண்டும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒவ்வொரு தடவை கரெண்ட் போகும்போதும் மொத்த ஆபீஸுக்கும் அரை நிமிஷம் நெட்வொர்க் நின்றுபோகும். ஜெனரேட்டர் எடுத்ததும் மறுபடி அரை நிமிஷம். சர்வர் அறையில் யு.பி.எஸ். இருக்கிறது, மாடிகளிலும் இருக்கிறது, எந்த சுவிட்சும் அணையவில்லை, விளக்குகள் எல்லாம் ஜோராக மினுக்குகின்றன, ஆனால் பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது. மின்சாரக் கம்பெனி பெஸ்காமைத் திட்டுவோம், யு.பி.எஸ்.காரரைத் திட்டுவோம், பேட்டரியைக்கூட மாற்றினோம். வாட்ச்மேன் மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்டிலிருந்து போன் போட்டு "கரெண்ட் ஹோய்த்து சார்" (கரெண்ட் போயிடுச்சு சார்) என்று கன்னடத்தில் சொல்வார். அவர்தான் சரியான துப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார், எனக்குத்தான் உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். கேட்டில் கேமராவுக்காக ஒரு பழைய 100 மெகாபிட் மேனேஜ்டு சுவிட்ச் இருந்தது. முன்பு இருந்தவர் "பேக்கப்" என்று நினைத்து அதற்கு சர்வர் அறையிலிருந்து ஒரு வயரும் முதல் மாடியிலிருந்து ஒரு வயரும் இழுத்திருக்கிறார். சர்வர் அறைக்கும் முதல் மாடிக்கும் நடுவில் கிகாபிட் லிங்க் தனியாக உண்டு. ஆக ஒரு முக்கோணம். முக்கோணம் என்றால் லூப் (தகவல் சுற்றிச் சுற்றி வரும் வட்டம்), லூப்பை அடைப்பது சுவிட்சுகளுக்குள் ஓடும் ஸ்பானிங் ட்ரீயின் வேலை. ராடியா பெர்ல்மன் 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தபோது உருவாக்கிய வழிமுறை அது, 1990இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பின் 802.1டி என்று தரநிலையானது. எல்லா சுவிட்சும் சேர்ந்து ஒருவரை ரூட்டாக, அதாவது தலைவராகத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொருவரும் ரூட்டுக்குப் போக எது குறைந்த செலவுள்ள வழி என்று பார்த்து அதை வைத்துக்கொண்டு, லூப் உண்டாக்கும் மிச்ச வழியை அடைத்துவிடுவார்கள்.

யார் ரூட்? பிரயாரிட்டி எண் யாருக்குக் குறைவோ அவர். யாரும் தொடாவிட்டால் எல்லாருக்கும் 32768. சமமாக இருந்தால் மேக் முகவரி யாருக்குச் சின்னதோ அவர். ஒரே கம்பெனி சுவிட்சுகளில் பெரும்பாலும் பழசுக்குத்தான் சின்ன முகவரி இருக்கும். ஆக, எங்கள் தொழிற்சாலையின் நெட்வொர்க்குக்குத் தலைவர் கேட்டில் வாட்ச்மேனின் டிபன் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழட்டுப் பெட்டி.

அதோடு முடியவில்லை. 100 மெகாபிட் வயருக்குச் செலவு 19, கிகாபிட்டுக்கு 4 என்பது ஸ்பானிங் ட்ரீயின் கணக்கு. சர்வர் அறை தன் வயரில் நேராக ரூட்டுக்குப் போகும், செலவு 19. முதல் மாடி தன் வயரில் நேராகப் போனால் 19, கிகாபிட் வழியாகச் சர்வர் அறையைச் சுற்றிப் போனால் 4 கூட்டல் 19, அதாவது 23. நேர் வழிதான் மலிவு. அப்போது அடைக்கப்படுவது எது? சர்வர் அறைக்கும் முதல் மாடிக்கும் நடுவில் இருந்த அந்த நல்ல கிகாபிட் லிங்க். முதல் மாடி ஆட்கள் காலடியில் இருக்கும் சர்வருக்குப் போக வேண்டுமானாலும் கேட் வரை போய் 100 மெகாபிட்டில் வாட்ச்மேனுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்காதீர்கள்.

வாட்ச்மேன் அறைக்கு யு.பி.எஸ். கிடையாது. கரெண்ட் போனால் ரூட் சாகும், அடைத்த லிங்க் கேட்கும் நிலை 15 விநாடி, கற்கும் நிலை 15 விநாடி என்று கடந்துதான் திறக்கும், அதுதான் அந்த அரை நிமிஷம். கரெண்ட் வந்ததும் கிழவர் எழுந்து மறுபடி தலைவராவார், இன்னொரு அரை நிமிஷம்.

சரி செய்ய எவ்வளவு நேரம் பிடித்தது? சர்வர் அறை சுவிட்சில் பிரயாரிட்டி 4096 என்று ஒரு வரி. அதற்கப்புறம் மாடியிலிருந்து கேட்டுக்குப் போன வயரைக் கழற்றினேன். பேட்டரிக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

ஸ்பானிங் ட்ரீதான் தொல்லை என்றால் அதை அணைத்துவிடலாமே?

வேண்டாம்.

ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். அந்தப் பாக்கெட்டைச் சுமந்து சுவிட்சுகளுக்குள் போகும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. லூப் விழுந்தால் ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் செய்தி) அதில் முடிவில்லாமல் சுற்றும், சுற்றச் சுற்றப் பெருகும், சில விநாடியில் எல்லாம் நின்றுவிடும். லூப் போட நிபுணர் தேவையில்லை. மீட்டிங் அறையைப் பெருக்க வந்தவர் ஐ.பி. போனின் தொங்கும் வயரைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது என்று சுவரில் இருக்கும் இன்னொரு ஐ.ஓ. பாக்ஸில் (நெட்வொர்க் வயர் செருகும் இடம்) செருகினால் போதும். எங்களிடம் நடந்தது. நல்ல மனசோடு செய்தது வேறு, திட்டவும் முடியவில்லை.

பெரிய இடங்களுக்கும் நடந்திருக்கிறது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நெட்வொர்க் நாட்கணக்கில் முடங்கி, டாக்டர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். சுவிட்சுக்குப் பின்னால் சுவிட்சாக வளர்ந்துகொண்டே போன அமைப்பு ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டியதுதான் கோளாறு. ஸ்பானிங் ட்ரீயின் பழைய நேரக் கணக்குகள் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடுவில் ஏழு சுவிட்ச் வரைதான் என்று வைத்துப் போடப்பட்டவை.

செய்ய வேண்டியது: 2001இல் வந்த ராபிட் ஸ்பானிங் ட்ரீ என்ற வேகமான வகைக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள், அரை நிமிஷம் ஓரிரு விநாடியாகிவிடும். ரூட் யார், அவர் போனால் அடுத்து யார் என்று நீங்களே எழுதிவையுங்கள், தேர்தலுக்கு விடாதீர்கள். ஆட்கள் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் (காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்) ஆக்கி பி.பி.டி.யு. கார்டு (அங்கே ஸ்பானிங் ட்ரீ செய்தி வந்தால் போர்ட்டை மூடிவிடும் காவல்) போடுங்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, ஸ்பானிங் ட்ரீக்கு வேலையே வராதபடி லூப் இல்லாத அமைப்பாகப் போடுங்கள். வேலை வராது என்பதற்காக அதை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், ராத்திரி வாட்ச்மேன் மாதிரிதான் அதுவும்.

கோர், டிஸ்ட்ரிபியூஷன், ஆக்சஸ் என்று மூன்று அடுக்கு கட்டாயமா? வெண்டர் அப்படித்தான் போட வேண்டும் என்கிறார்.

அவருக்கு விற்க வேண்டும். ஆக்சஸ் என்பது ஆட்களின் வயர் வந்து சேரும் சுவிட்ச், அவற்றைத் திரட்டுவது டிஸ்ட்ரிபியூஷன், எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது கோர். பல கட்டடங்கள் உள்ள வளாகம், ஒவ்வொரு கட்டடத்திலும் பத்துப் பதினைந்து ரேக் (சுவிட்சுகளை மாட்டும் அலமாரி) என்றால் மூன்று அடுக்குக்கு அர்த்தமுண்டு. ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஜோடி திரட்டிக் கொடுக்கும், கோர் கட்டடங்களை இணைப்பதோடு நிற்கும். ஒரே கட்டடம், ஐந்து ரேக் என்றால் கோரையும் டிஸ்ட்ரிபியூஷனையும் ஒன்றாக்கிவிடலாம். இதற்கு கொலாப்ஸ்டு கோர் என்று பாடப்புத்தகத்திலேயே பெயர் உண்டு, ஏதோ ஒப்பேற்றல் வேலை என்று நினைக்க வேண்டாம்.

முடிவு செய்ய எளிய கணக்கு: ரேக்குகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள், அத்தனை அப்லிங்க்கையும் (ரேக்கிலிருந்து கோருக்கு வரும் லிங்க்) வாங்க இரண்டு கோர் சுவிட்சிலும் சேர்த்து ஃபைபர் போர்ட் இருக்கிறதா, இன்னும் இரண்டு மூன்று ரேக் வந்தாலும் இடம் மிஞ்சுமா என்று பாருங்கள். இருந்தால் நடு அடுக்கு உங்களுக்கு வேண்டாம். எங்களுக்குப் பத்து அப்லிங்க்.

போவது என்ன என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா. முன்பு ஒரு டிஸ்ட்ரிபியூஷன் சுவிட்ச் போனால் ஷெட் மட்டும் நிற்கும், இப்போது கோர் போனால் எல்லாம் நிற்கும். அதனால்தான் இரண்டு. இரண்டு என்றால் பவர் கார்டும் இரண்டு வெவ்வேறு யு.பி.எஸ்.ஸுக்குப் போக வேண்டும். ரேக்குக்குப் பின்னால் போய் வயரைக் கையால் தடவிப் பாருங்கள், இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிந்தால் நீங்கள் வாங்கியது ஒரு சுவிட்ச், கொடுத்தது இரண்டுக்குப் பணம்.

ஸ்டாக் போடலாமா?

போடலாம், நான் கோரில் போட்டிருக்கிறேன். இரண்டு பெட்டி ஒரே சுவிட்சாக நடந்துகொள்ளும், ஒரே ஐ.பி., ஒரே கான்ஃபிக் (சுவிட்சின் அமைப்பு விவரங்கள்). மாடியிலிருந்து வரும் இரண்டு ஃபைபரை ஆளுக்கொன்றாகச் செருகி எல்.ஏ.சி.பி.யில் (பல லிங்க்கை ஒன்றாக நடத்தும் முறை) கட்டிவிட்டால் அடைபட்ட லிங்க் என்று எதுவும் இல்லை, இரண்டும் ஓடும், ஒன்று போனால் மற்றது தாங்கும். ஒரு சின்னத் திருத்தம், இரண்டு 1 கிகாபிட் கட்டினால் 2 கிகாபிட்டில் ஃபைல் காப்பி ஆகும் என்று நினைக்காதீர்கள். ஒரு தொடர்பு ஒரே வயரில்தான் போகும்.

ஆனால் மூளை ஒன்று. ஃபர்ம்வேர் (சுவிட்சுக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்றினால் பெரும்பாலான ஸ்டாக்கில் எல்லாப் பெட்டியும் சேர்ந்து ரீபூட் ஆகும், ஒரு பக் வந்தால் இரண்டுக்கும் வரும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, பத்து நிமிஷம் நின்றால் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி, இருபத்து நான்கு மணி நேர கால் சென்டர் என்றால் இந்தப் பதில் மாறும். அங்கே எம்.எல்.ஏ.ஜி. மாதிரி மூளை தனித்தனியாக இருக்கும் ஏற்பாடுதான் சரி, சிக்கல் கொஞ்சம் கூடுதலானாலும்.

வி.லேன் எத்தனை இருக்கலாம்?

வி.லேன் என்பது ஒரே சுவிட்சுகளுக்குள் சுவர் எழுப்பிப் பிரித்த தனி நெட்வொர்க். அதன் நம்பருக்கு 12 பிட் ஒதுக்கியிருப்பதால் 4094 வரை வைக்கலாம். வைக்கலாம் என்பதற்காக வைக்க வேண்டுமா? எங்களிடம் டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்று என்று இருபத்து மூன்று இருந்தது. பர்சேஸுக்கு ஒன்று, ஸ்டோர்ஸுக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் எல்லாக் கதவும் திறந்தே கிடந்தது. கதவெல்லாம் திறந்தே கிடக்கிற சுவர் எதற்கு? அதாவது, இரண்டு வி.லேனுக்கும் ஃபயர்வாலில் (எது எங்கே போகலாம் என்று தீர்மானிக்கும் காவல்) ஒரே விதிதான் என்றால் அவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது ஆறு: ஆபீஸ், ஷெட் மெஷின்கள், கேமரா, போன், விருந்தினர் வைஃபை, சுவிட்ச் மேனேஜ்மென்ட். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடலாமே என்று மாமா கேட்டார், அவருடைய எட்டுப் பேர் ஆபீஸுக்குக் கிட்டத்தட்ட சரிதான். எங்களால் முடியாது. ஷெட்டில் சி.என்.சி. மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் இன்னும் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடுகிறது, 2014 ஏப்ரலோடு அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது, மாற்றினால் மெஷின் கம்பெனி பொறுப்பேற்காதாம். அதை அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரோடு ஒரே அறையில் படுக்க வைக்க எனக்குத் தைரியமில்லை.

மேசைக்கு அடியில் இருக்கும் எட்டு போர்ட் பெட்டிகளை என்ன செய்வது?

திட்டிப் பயனில்லை, ஆட்கள் தேவைக்குத்தான் வைத்திருக்கிறார்கள். மேசையில் ஒரு ஐ.ஓ., ஆள் மூன்று பேர், கேட்டால் கேபிள் போட ஆறு மாதம். ஆகவே முதலில் கேபிள் போடுங்கள், பிறகு பெட்டியை எடுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டே வாரத்தில் எஸ்.பி. ரோட்டிலிருந்து புதுப் பெட்டி வந்துவிடும், இந்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பார்கள்.

ரேக்கிலிருந்து மேசை வரை, பேட்ச் கார்டையும் சேர்த்து 100 மீட்டர் தாண்டக் கூடாது. எங்கள் ஷெட்டின் கோடி தாண்டுகிறது, அதனால் அங்கே ஃபைபரில் ஒரு சுவிட்ச் நின்றே ஆக வேண்டியிருந்தது. சில சுவிட்சுகள் தூரத்துக்காகவே பிறந்தவை, அவற்றோடு சண்டை போட வேண்டாம்.

எல்லாரும் வைஃபைக்கு மாறிவிட்டார்களே, சுவிட்ச் அமைப்பைப் பற்றி ஏன் கவலை?

அந்த வைஃபையைத் தரும் ஆக்சஸ் பாயின்ட் எங்கே செருகியிருக்கிறது? அதற்குக் கரெண்டும் நெட்வொர்க் வயரிலேயே சுவிட்சிலிருந்து போகிறது, அதனால் கவலை இப்போது பவர் பக்கம் போயிருக்கிறது. 24 போர்ட்டிலும் 15.4 வாட் கொடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 370 வாட் வேண்டும், புது ஆக்சஸ் பாயின்ட்டுகள் 30 வாட் வகுப்பைக் கேட்கின்றன. இரண்டு சுவிட்சை ஒன்றாக்கும்போது போர்ட் போதுமா என்று பார்ப்பவர்கள் வாட் போதுமா என்று பார்ப்பதில்லை. அப்புறம் கடைசியாகச் செருகிய கேமரா ஆன் ஆகாது.

ஸ்பைன்-லீஃப் போட்டால் என்ன? ஒயிட்ஃபீல்டில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறோம்.

தம்பி, ஒவ்வொரு லீஃப் சுவிட்சும் எல்லா ஸ்பைன் சுவிட்சோடும் இணைகிற அந்த அமைப்பு டேட்டா சென்டருக்கு. சர்வரும் சர்வரும் தங்களுக்குள் ஓயாமல் பேசும் இடத்தில் எந்த லீஃபிலிருந்து எந்த லீஃபுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. மூல யோசனை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக பெல் லேப்ஸின் சார்லஸ் க்ளோஸ் 1953இல் எழுதியது. உங்கள் டேட்டா சென்டரில் தாராளமாகப் போடுங்கள். எங்கள் ஆட்கள் பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரோடு பேசுவதில்லை, பக்கத்து மேசைக்காரரோடுதான் பேசுகிறார்கள். டிராஃபிக் முழுக்க சர்வர் அறைக்கும் இன்டர்நெட்டுக்கும்தான்.

எப்போது கை வைக்கவே கூடாது?

கோளாறு நோட்டு ஒன்று போடுங்கள், ஆறு மாதம். என்ன நின்றது, எவ்வளவு நேரம், ஏன். அதில் பெரும்பாலும் இன்டர்நெட் லைனும் பவரும்தான் இருக்கிறது என்றால் சுவிட்சை மாற்றி எதுவும் ஆகப்போவதில்லை, இரண்டாவது இன்டர்நெட் லைன் வாங்குங்கள். படம் அழகாக இல்லை என்பது ஒரு காரணமே இல்லை. (எனக்கு அந்த வியாதி உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.)

அப்புறம், எதற்கு இருக்கிறது என்று தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள். எங்கள் ஷெட்டுக்கு இரண்டாவதாக ஒரு ஃபைபர் ஊரைச் சுற்றிக்கொண்டு காம்பவுண்ட் சுவர் ஓரமாகப் போனது, பார்த்தால் வேஸ்ட். கழற்றலாம் என்றிருந்தபோது பழைய ஃபோர்மேன் தடுத்தார். ஒரு வருஷம் டிரெயினேஜ் வேலைக்கு வந்த ஜே.சி.பி. முதல் ஃபைபரைத் தோண்டி எடுத்துவிட்டதாம், அதற்காகப் போட்டது. பேக்கப் லிங்க் என்றால் அது முதல் லிங்க் போகும் பள்ளத்தில் போகக் கூடாது. வாட்ச்மேன் அறை பேக்கப்பும் இதுவும் ஒரே மனிதர் போட்டவைதான், ஒன்று தப்பு, ஒன்று பிரமாதம்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

ஸ்பானிங் ட்ரீ என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். ஒரு பழைய சுவிட்ச் 40 வாட் இழுத்தால் வருஷத்துக்கு 350 யூனிட். அதோடு அதைக் குளிர்விக்கும் ஏ.சி., அதன் யு.பி.எஸ். பேட்டரி, ஏ.எம்.சி.யில் ஒரு வரி, ஆளுக்கொரு மாடலாக இருப்பதால் ஸ்பேர் வைக்க முடியாத நிலை. எல்லா மாடியிலும் ஒரே மாடல் போட்டால் ஒரே ஒரு ஸ்பேர் எல்லாவற்றுக்கும் ஆகும். எங்கள் முதலாளிக்கு இந்தக் கடைசி வரிதான் பிடித்தது, மெஷின் பேரிங்குக்கு அவர் கடைப்பிடிக்கிற கணக்கும் அதே.

எந்த நாளில் மாற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை, ஆனால் எந்த ஞாயிறு என்பது முக்கியம். சம்பள வாரம் வேண்டாம், மாதம் 20ஆம் தேதியை ஒட்டியும் வேண்டாம், ஜி.எஸ்.டி. மூன்று-பி (மாதாந்திர வரி ரிட்டர்ன்) போடுகிற நேரத்தில் அக்கவுன்ட்ஸ் அக்காவின் நெட்டை நிறுத்திவிட்டு உயிரோடு இருக்க முடியாது. ஆயுத பூஜையன்று மெஷின் எல்லாம் ஓய்வில் இருக்கும் என்று நினைத்து நாள் குறித்தேன். போய்ப் பார்த்தால் சர்வர் ரேக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பூஜை போட்டதை அன்றைக்கே பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், நியாயம்தானே.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு மாடி, ஒரு வாரம் பார்த்தல், அடுத்த மாடி. கான்ஃபிக் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு போட்டோ எடுங்கள். பழைய சுவிட்சைக் கழற்றினாலும் ரேக்கிலேயே ஒரு வாரம் இருக்கட்டும்.

சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலை ஆட்களைக் கேட்டு எழுதுங்கள், நீங்களே உட்கார்ந்து யோசித்து எழுதாதீர்கள். நான் யோசித்து எழுதினேன், போன், பிரிண்டர், விரல்ரேகை அட்டெண்டன்ஸ், கேமரா எல்லாம் சரி பார்த்தேன். எடைமேடையை மறந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் யாரோ கையால் ஐ.பி.யும் பழைய கேட்வேயும் (வி.லேனை விட்டு வெளியே போகும் வாசலின் முகவரி) போட்டு வைத்திருந்தார்கள், நான் வி.லேன்களை ஒன்றாக்கியதில் அந்த கேட்வே இல்லாமல் போயிற்று. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு லாரிகள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை. முதலில் போன் செய்தது யார் என்று சொல்லவே வேண்டாம், அதே வாட்ச்மேன்தான்.

கழற்றிய பழைய சுவிட்சுகளை என்ன செய்வது?

நல்லதாக ஒன்றை ஸ்பேர் வையுங்கள், மீதியை அங்கீகாரம் பெற்ற இ-வேஸ்ட் ஆட்களிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஸ்பேரையும் சரி, கொடுப்பதையும் சரி, கான்ஃபிக்கை அழித்த பிறகே அலமாரியில் வையுங்கள். சிஸ்கோ சுவிட்ச், வி.டி.பி. (வி.லேன் பட்டியலைச் சுவிட்சுகளுக்குள் பரப்பும் சிஸ்கோ முறை) ஓடுகிற இடம் என்றால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வி.டி.பி.யின் பழைய பதிப்புகளில், அதே டொமைன் பெயரோடு, ஆனால் கூடுதல் ரிவிஷன் எண்ணோடு (பட்டியல் மாற மாற ஏறும் எண்) ஒரு பழைய சுவிட்சை அவசரத்துக்குச் செருகினால், அது தன்னிடம் இருக்கும் வி.லேன் பட்டியலை மற்ற எல்லாவற்றின் மேலும் எழுதிவிடும். ஓடுகிற வி.லேன்கள் மொத்தமாகக் காணாமல் போகும். வி.லேன் ஃபைல் தனியாக ஃபிளாஷில் இருக்கும், ஸ்டார்ட்-அப் கான்ஃபிக்கை அழித்தால் மட்டும் போகாது, அதையும் அழிக்க வேண்டும். அழித்ததும் பெட்டி மேல் தேதி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுக்கப்போகிறவர் உங்களை எழுப்பிக் கேட்காமல் செருக வேண்டும்.